தட்டச்சுப் பொறியின் தாளம்

தட்டச்சுப் பொறியைத் தாளவாத்தியமாக வாசிக்க முடியுமா? 2007இல் வெளிவந்த ‘அட்டோன்மென்ட்’ படத்தில் அதுதான் நடந்தது. கதையில் எழுத்தாசை பிடித்த ஒரு சிறுமி வருகிறாள். அவள் விசைகளைத் தட்டும் ஓசை அப்படியே பின்னணி இசையின் தாளமாகிவிடுகிறது. இசையமைத்த டாரியோ மரியனெல்லிக்கு மறு ஆண்டு ஆஸ்கர்!

இத்தாலியின் பீசா நகரில் பிறந்த அவர், திரை இசை படித்தது இங்கிலாந்தில். லண்டனுக்கு அருகே பீக்கன்ஸ்ஃபீல்டில் இருக்கும் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில்.

அங்கே திரைப்பட, தொலைக்காட்சி இசையமைப்புக்கென்றே இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு உண்டு. வெறும் ஏட்டுப் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். உடன் படிக்கும் இயக்குநர்களும் அனிமேஷன் மாணவர்களும் எடுக்கிற படங்களுக்கு இந்த இசை மாணவர்கள்தான் இசை. வசனம் வரும்போது இசை எங்கே ஒதுங்க வேண்டும், எந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பதையெல்லாம் இயக்குநரோடு மல்லுக்கட்டித்தான் பழக வேண்டும். இரண்டாவதுதான் கடினமான பாடம்.

நிக் பார்க்கின் களிமண் அனிமேஷன் படமான ‘எ கிராண்ட் டே அவுட்’ இந்தப் பள்ளியில் மாணவர் படமாகத் தொடங்கியதுதான். அதற்கு இசையமைத்த ஜூலியன் நாட்டும் அங்கே படித்தவர். அந்தப் படத்தில் வரும் வாலஸ், கிராமிட் ஜோடியின் அடுத்தடுத்த படங்களிலும் ஒலிப்பது அவர் இசைதான்.