நுரைக் குளியல்

நுரைக் குளியல் அல்லது பபிள் பாத் என்பது, நீரின் மேல் அடர்ந்த நுரை மிதக்கும் குளியல் தொட்டியில் அமர்ந்தோ சாய்ந்தோ குளிப்பதைக் குறிக்கும். அந்த நுரையை உண்டாக்கத் தண்ணீரில் கலக்கப்படும் நீர்மத்துக்கும் தூளுக்கும் இதே பெயர் வழங்குகிறது. மேலை நாடுகளில் உடல் அழுக்கைப் போக்குவதைவிட, ஓய்வுக்காகவும் குழந்தைகளைக் குளிக்க இணங்க வைப்பதற்காகவுமே இது பெரிதும் பயன்படுகிறது.

பெயரும் வழக்கும்

ஆங்கிலத்தில் 'பபிள்' என்றால் குமிழி. 'பாத்' என்றால் குளியல். குமிழிகள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு நிற்பதால், தமிழில் 'நுரைக் குளியல்' என்பதே பொருத்தமான சொல். ஜெர்மன் மொழியிலும் இதற்கு 'நுரைக்குளியல்' என்ற பொருள் தரும் சொல்லே உள்ளது.

இச்சொல்லின் பொருளை இடம் நோக்கியே கொள்ள வேண்டும். 'அவள் பபிள் பாத் எடுத்தாள்' என்றால் குளித்தாள் என்று பொருள். 'ஒரு பாட்டில் பபிள் பாத் வாங்கினாள்' என்றால் அது கடையில் விற்கும் பொருளைக் குறிக்கும்.

லண்டனின் காக்னி பேச்சுவழக்கில் இதற்கு வேறொரு பயனும் உண்டு. அவ்வழக்கில் ஒரு சொல்லுக்குப் பதிலாக, அதனோடு இயைபு பெறும் வேறொரு தொடரைச் சொல்வார்கள். அங்கே 'பாத்' என்பது 'பாஃப்' என ஒலித்து, சிரிப்பைக் குறிக்கும் 'லாஃப்' என்பதோடு இயையும். பின்னர் 'பாத்' என்ற பகுதியையும் விட்டுவிட்டு, 'யூ ஆர் ஹேவிங் எ பபிள்' என்பார்கள். 'என்ன, விளையாடுகிறாயா?' என்பதே அதன் கருத்து. குளியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நுரை உண்டாகும் விதம்

தூய நீரின் பரப்பு இழுவிசை அதிகம். எனவே அதில் எழும் குமிழிகள் உடனே உடைந்துவிடும். நுரைக் குளியல் நீர்மத்தில் உள்ள மூலக்கூறுகளின் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை விலக்கி எண்ணெயை நாடும். இவை குமிழியின் மெல்லிய நீர்ப்படலத்தின் இரு பக்கமும் வரிசையாக நின்று, அது சட்டென உடையாமல் காக்கின்றன. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின்கள் நுரை தருவதும் இவ்வாறே.

குழாயிலிருந்து விழும் நீர் காற்றையும் சேர்த்து இழுத்துச் செல்வதால் நுரை பெருகுகிறது. தொட்டி நிறைந்தபின் நீர்மத்தை ஊற்றினால் நுரை அதிகம் வராததற்குக் காரணம் இதுதான். நேரம் செல்லச் செல்லப் படலத்திலிருந்து நீர் வடிந்து, குமிழிகள் உடைகின்றன. உடலிலுள்ள எண்ணெய்ப் பசையும் நுரையை விரைவில் அடக்கும்.

சாதாரண சோப்பு, கடினநீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு சேர்ந்து திரிதிரியான படிவைத் தரும். சோடியம் லாரெத் சல்பேட் போன்ற செயற்கை டிடர்ஜென்டுகளுக்கு அந்தக் குறை இல்லை. நுரை நிலைத்து நிற்பதற்காகத் தேங்காய் எண்ணெயிலிருந்து பெறப்படும் துணைப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன.

நுரையின் அளவு தூய்மையின் அளவு அன்று. சலவை இயந்திரங்களுக்கான சில டிடர்ஜென்டுகள் குறைந்த நுரையிலேயே நன்றாக வெளுக்கின்றன. குளியல் தொட்டியில் நுரையின் உண்மையான பயன் வேறு: அது நீரின் மேல் போர்வைபோல் கிடந்து ஆவியாதலைக் குறைப்பதால், வெந்நீர் சற்று மெதுவாக ஆறுகிறது.

பரவல்

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கோல்டு சீல் நிறுவனம் 1961-இல் 'மிஸ்டர் பபிள்' என்ற குழந்தைகளுக்கான நுரைத் தூளை அறிமுகப்படுத்தியது. அதே பத்தாண்டில் கேலிச்சித்திரப் பாத்திரங்களின் வடிவில் அமைந்த 'சோக்கி' பாட்டில்களும் விற்பனைக்கு வந்தன. குளியலை விளையாட்டாக்கியதே இவற்றின் வெற்றிக்குக் காரணம்.

திரைப்படங்களில் உடலை மறைக்கும் திரையாகவும் நுரை பயன்பட்டது. 'தி செவன் இயர் இட்ச்' (1955) படத்தில் மர்லின் மன்றோ தோன்றும் குளியல் காட்சி பலரும் அறிந்தது.

ஒத்த பெயருடைய பிற

ஜக்குசி போன்ற தொட்டிகளில் குமிழிகள் எழுவது காற்றும் நீரும் பீய்ச்சப்படுவதால். அதற்கு நுரைப்பொருள் தேவையில்லை. பாத் பாம் எனப்படும் குளியல் உருண்டையில் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் நீர்பட்டு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு பொங்குகிறது. நுரைப்பொருள் சேர்க்காவிட்டால் அந்தப் பொங்கல் விரைவில் அடங்கிவிடும்.

உடல்நலமும் பாதுகாப்பும்

எண்ணெயைக் கரைக்கும் அதே பண்பு, தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் நீக்கிவிடுகிறது. வறண்ட தோலும் கரப்பான் நோயும் உள்ளவர்களுக்கு இதனால் அரிப்பு மிகலாம். நெடுநேரம் ஊறும் குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, பிறப்புறுப்பிலும் சிறுநீர் வெளியேறும் வழியிலும் எரிச்சல் ஏற்படலாம். குழந்தை சிறுநீர் கழிக்கப் பயந்து அடக்குவதும் அழுவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றிலும் இதே அறிகுறிகள் காணப்படுவதால், எரிச்சல் நீடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரைக் குளியலைப் பற்றியும் அவரிடம் சொல்வது காரணத்தைக் கண்டறிய உதவும்.

அமெரிக்காவில் இத்தகைய பொருள்களின் உறையில், அளவுக்கு மீறிய பயன்பாடு தோலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் எரிச்சல் தரலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று விதி உள்ளது. பெரியவர்களுக்கு மட்டும் என்று தெளிவாகக் குறிக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு.

நுரை நீரின் ஆழத்தையும், வழுக்கி மூழ்கும் குழந்தையின் முகத்தையும் மறைத்துவிடும். ஆகவே சிறு குழந்தையைத் தொட்டியில் ஒரு நொடியும் தனியே விடக் கூடாது.

பயன்படுத்தும் முறை

உறையில் குறித்த அளவுக்கு மேல் நீர்மத்தைச் சேர்க்கக் கூடாது. முதலில் நல்ல நீரில் விளையாடவிட்டு, கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் நுரை சேர்ப்பது குழந்தைகளுக்கு ஏற்றது. முடிவில் நல்ல நீரால் உடலை அலச வேண்டும். ஒருமுறை எரிச்சல் கண்ட குழந்தைக்கு நுரைப்பொருளைத் தவிர்ப்பதே நலம்.