வீட்டை ஈடு வைத்துக் கடன்களை ஒன்றாக்கலாமா?

சங்கரன்கோவிலில் முன்கட்டில் குடும்பமும் பின்கட்டில் தறியுமாக வாழ்பவர் பலர். அத்தகையோரின் வீடு கைமாறினால் உறைவிடம் மட்டுமன்று, தொழிலும் உடன் போய்விடும். ஆகவே வீட்டுப் பத்திரத்தைப் பிறர் கையில் கொடுக்குமுன் நெசவாளர் ஒன்றுக்கு இருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அண்மையில் கணக்குப் பார்க்கச் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியுடன் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். அவருடைய தந்தையார் தறி வாங்குவதற்காக ஒருமுறை அடமானம் வைத்து, அரும்பாடுபட்டு மீட்ட வீடு அது. அதனையே மறுமுறை ஈடு வைக்க அவர் எண்ணியிருந்தார். தார் சுற்றிக் கொடுத்து வந்த மனைவிக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. மகன் படித்துக் கொண்டிருக்கிறான். கணவரின் தறி வருவாய் ஒன்றே குடும்பத்துக்கு ஆதாரம்.

அவருடைய கடன்கள் மூன்று. வெளியில் வாங்கிய கைமாற்று 1,50,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. குழுக்கடன் 1,00,000 ரூபாய். மாதம் 2 ரூபாய் வட்டி. நகைக்கடன் 1,50,000 ரூபாய். மாதம் 1 ரூபாய் வட்டி. ஆக 4,00,000 ரூபாய்க்கு மாதந்தோறும் 8,000 ரூபாய் வட்டியாகவே போயிற்று. முதல் சிறிதும் குறையவில்லை.

“ஐயா, எல்லாவற்றையும் வீட்டின் மேல் போட்டுவிட்டால் ஒரே தவணைதானே? ஆண்டு வட்டி 12 சதவீதம். பதினைந்து வருடத்தில் கட்டினால் மாதம் 4,801 ரூபாய்தான் வருகிறது” என்றார் அவர்.

அவர் மனைவியோ, “தறி இரண்டு மாதம் நின்றுவிட்டால் அப்போது என்ன செய்வது?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

முதலில் தவணையைப் பார்ப்போம். மாதம் 4,801 வீதம் 180 மாதங்கள் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய 8,64,000 ரூபாய் ஆகிறது. முதலைக் காட்டிலும் வட்டியே மிகுதி! தவணை சிறுத்ததற்குப் பெருங்காரணம் காலம் நீண்டதேயாகும்.

அடுத்து, எந்தக் கடனை மாற்றுவது என்பது. நகைக்கடனுக்கும் ஆண்டுக்கு 12 சதவீதமே வட்டி. அதனை வீட்டின் மேல் ஏற்றுவதால் ஒரு காசும் மிச்சமில்லை. வீட்டுக்குச் சுமை ஏறுவதே மிச்சம். நகை போனால் பிறிதொரு நாள் வாங்கலாம். தறியுள்ள வீடு போனால் பிழைப்பே போகும். எனவே வட்டி கூடிய 2,50,000 ரூபாயை மட்டும் மாற்றி, ஐந்தாண்டுத் தவணை கேட்கும்படி கூறினோம். அதற்கு மாதத் தவணை 5,561 ரூபாய். நகைக்கடன் வட்டி 1,500 ரூபாயையும் கூட்டினால் 7,061. இதுவரை வெறும் வட்டியாகக் கொடுத்து வந்த 8,000 ரூபாயை விட இது குறைவு. ஐந்தாண்டில் பத்திரம் மீளும். பின்னர் அதே தொகையைச் செலுத்தி வந்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் நகையும் மீளும். அதுவரை நகைக்கடனை உரிய நாளில் புதுப்பித்து வர வேண்டும்.

பழங்கடனைத் தீர்க்க நீண்டகாலக் கடன் என்பது கூட்டுறவுக்குப் புதிதன்று. 1920இல் பஞ்சாபின் ஜங் என்னுமிடத்தில் முதல் நில அடமான வங்கி எழுந்தது. 1929இல் சென்னை மாகாணத்துக்கு மத்திய நில அடமான வங்கி அமைந்தது. உழவரின் பழைய கடன்களைக் குறைந்த வட்டியில் மீட்பதே அவற்றின் முதன்மையான பணியாயிருந்தது. எனினும் 1951-52இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே எனத் தெரிந்தது. அன்றாடச் செலவுக்குக் கைக்கடன் எங்கிருந்து வருகிறதோ, அங்கேதான் மனிதன் மீண்டும் போவான். ஆகவே பழங்கடன் தீர்ந்தபின் நூல் வாங்கவும் பூந்தோட்டத்துக்கு உரமிடவும் தேவைப்படும் சிறு கடனைச் சங்கத்திலேயே பெறுதல் வேண்டும்.

கைமாற்றுக்கு ஈடில்லை, தவறினால் ஏச்சும் வழக்கும் வரும். வீட்டை ஈடு வைத்த கடனோ வேறு வகை. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. சர்ஃபேசி எனப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குத் தொடராமலே ஈட்டைக் கைப்பற்ற முற்படலாம். கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவசாய நிலத்துக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. பயிரிடும் அங்கத்தினர்கள் இதனைக் கருத்திற்கொள்க.

இனி, கையெழுத்திடுமுன் செய்யவேண்டியவை சில. திருவிழாக் கால வருவாயை வைத்துத் தவணையை நிர்ணயிக்கலாகாது. வேலை மந்தமான மாதத்தின் வருவாயே அளவுகோல். இரண்டு மாதத் தவணைத் தொகையைச் சேமிப்பில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். முத்திரைச் செலவு, பதிவுக் கட்டணம், வில்லங்கச் சான்றுச் செலவு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடன் தொகை கைக்கு வந்த அன்றே பழைய கடன்காரர்களுக்குச் செலுத்தி, புரோநோட்டுகளைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும். கடன் முழுவதும் தீர்ந்தால் 30 நாட்களுக்குள் மூலப்பத்திரத்தை வங்கி திருப்பித் தருதல் வேண்டும் என்பதும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பதும் 2023ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி இட்ட கட்டளை.

அத்தம்பதியர் அன்றே ஓடிப்போய்க் கையெழுத்திடவில்லை. இரண்டு தவணைக்கான பணம் சேரும்வரை பொறுத்திருந்து, பிறகே 2,50,000 ரூபாய்க்கு மட்டும் விண்ணப்பித்தனர். தவணை அட்டையை மனைவியே வைத்துக் கொண்டிருக்கிறார். தந்தையார் ஒருமுறை மீட்ட வீட்டை மகனும் மீட்பார் என்று நம்புகிறோம். கடனை ஒன்றாக்குவது கடனைத் தீர்ப்பதாகாது. தீர்ப்பதற்கு ஒரு வழி திறப்பதேயாகும். அவ்வழியே நடந்து முடிப்பது குடும்பத்தின் சிக்கனத்தில் இருக்கிறது.