தொட்டிலில் யார், பாப்பாவா? பூனையா?

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியுமுன்பே ஜீப் ஏறி விடுவார்கள். வீட்டில் மீதி அப்பத்தா, கைக்குழந்தை, பூனை!

பால் காய்ச்சும் வாசனை வந்தால் போதும். பூனை காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். பாப்பா பிறக்கும் வரை அதுதானே வீட்டுச் செல்லப்பிள்ளை! விட்டுக் கொடுக்குமா? சேலைத் தொட்டிலுக்குள் தாவும்.

பூனைக்குக் குழந்தை மீது பகை இல்லை. அது தேடுவது கதகதப்பு. ஆனால் முகத்தருகே படுத்து விட்டால் பச்சைக் குழந்தைக்குத் தள்ளத் தெரியாது, மூச்சு முட்டும். குழந்தை தூங்கும்போது பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவதே நல்லது.

கீறி விட்டதா? "பூனைதானே" என்று மஞ்சள் பூசி இருந்து விடாதீர்கள். வெறிநோய் பூனையாலும் வரும். வந்தபின் பிழைப்பது மிக அரிது. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 1885-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் போட்ட தடுப்பு மருந்தின் வாரிசுதான் அங்கே இலவசமாகப் போடும் ஊசி. பூனைக்கும் தடுப்பூசி உண்டு.

மாலையில் தாய் திரும்புகிறாள். கை கால் கழுவி, பாப்பாவைத் தூக்க உட்காருகிறாள். அதற்குள் மடியில் பூனை!