மோக்லி பேசிய இந்தி

1993இல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாகரசம்பட்டிப் பெரியவர்களுக்குப் போச்சம்பள்ளிச் சந்தை, பிள்ளைகளுக்கு மோக்லி. சந்தைக்குக் கூட வா என்று அப்பா கூப்பிட்டாலும் பையன் நகரமாட்டான். தூர்தர்ஷனில் ‘ஜங்கிள் புக்’ ஓடும் அந்த அரை மணி நேரம், டிவி உள்ள வீட்டில் திண்ணை வரைக்கும் தலைகள்தான். படம் புள்ளி புள்ளியானால் ஒருவன் மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவான். “தெரியுது... போச்சு... இன்னும் கொஞ்சம்டா!” என்று கீழேயிருந்து சத்தம் போகும். அவன் இறங்கி வருவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும்.

மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டை வைத்துக் கிப்ளிங் ஆங்கிலத்தில் எழுதிய கதை. 52 பகுதிகளாகக் கார்ட்டூன் ஆக்கியது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன். நம் வீட்டுக்கு வந்ததோ இந்தியில். ஷேர்கானுக்குக் குரல் நானா படேகர். குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த முகப்புப் பாட்டை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே பிள்ளைகள் பாடித் திரிந்தார்கள். இந்தி எதிர்ப்புக்குப் பேர்போன மாநிலம்தான். ஆனால் மோக்லியோடு யாருக்கும் சண்டை இல்லை. அவனால் யாரும் இந்தி கற்றுக்கொள்ளவும் இல்லை. கூட்டத்தில் மூத்த பையன் எவனாவது வசனத்தை இட்டுக்கட்டுவான். ஷேர்கான் உறுமினால், “இன்னிக்கு உன்ன விடமாட்டேன்டா!” கரடி பாலு என்ன சொன்னாலும் அது அவன் சொன்னதுதான். என்னைக் கேட்டால், அந்த டப்பிங்கைப் பின்னால் எந்தச் சேனலும் மிஞ்சவில்லை. மோக்லி எறியும் வளைதடியைப் பார்த்து மாங்கட்டையில் செதுக்கியவர்களும் உண்டு. எறிந்த தடி திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

அதே 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கியது. 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2007இல் சுட்டி டிவி. அதில் டோரா தமிழிலேயே கேள்வி கேட்டாள், வீட்டுப் பிள்ளை பெட்டியைப் பார்த்துப் பதில் சொன்னது. இன்று கைபேசியில் எந்தக் கார்ட்டூனும் எந்த நேரமும் தமிழில் கிடைக்கிறது. வசனம் சொல்லும் பையனுக்கு வேலை போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், பெட்டியை விட்டுப் போன இந்தி தெருவுக்கு வந்துவிட்டது. போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் என்று சிப்காட் வளாகங்கள் வளர, ஆலைக்கும் கட்டட வேலைக்கும் வடக்கிலிருந்து ஆள் வருகிறது. அன்று வாயைப் பிளந்து மோக்லி பார்த்தவனுக்கு இன்று நாற்பது வயது. மளிகைக் கடை வைத்திருந்தால் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இந்தியில் விலை சொல்லியாக வேண்டும். சொல்கிறான், விரலையும் சேர்த்துக் காட்டி. அந்த முகப்புப் பாட்டுக்கு இப்போதாவது பொருள் கேட்கலாம் என்று பிகார்ப் பையனிடம் கைபேசியில் போட்டுக் காட்டினாலும் பயனிருக்குமா என்பது சந்தேகம்தான். அவன் பிறந்ததே 2000க்குப் பிறகு; மோக்லி என்றால் அவனுக்கு 2016இல் வந்த டிஸ்னி படம்.