குமிழை இழுத்தார், தடை நீங்கியது!

1976-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரசபைக் குழு கூடியிருக்கிறது. நடுவே ஒரு விளையாட்டு இயந்திரம். அதன் எதிரே ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர். பத்திரிகை எழுத்தாளர்.

அவர் ஆடிக் காட்ட வந்த ஆட்டத்தின் பெயர் "பின்பால்". பின் என்றால் ஆணி. பால் என்றால் பந்து. சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு. குமிழை இழுத்து விட்டால் வில்கம்பி குண்டை மேலே தள்ளும். அது முட்டி மோதி இறங்கும்போது எண்கள் ஏறும்.

இதில் என்ன குற்றம்? "இது சூதாட்டம், பிள்ளைகளின் காசைப் பறிக்கிறது" என்று 1942-ல் அங்கே தடை போட்டார்கள். மேயர் லா கார்டியா சம்மட்டி எடுத்து இயந்திரங்களை உடைத்தார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய இயந்திரத்தில் குண்டை ஏவி விட்டால், பிறகு ஆடுகிறவருக்கு வேலை ஏது?

1947-ல்தான் காட்லீப் கம்பெனி, பொத்தானை அழுத்தினால் குண்டைத் திருப்பி அடிக்கும் சிறு மட்டைகளை வைத்தது. ஆட்டம் மாறியது. சட்டம் மாறவில்லை!

பேரன் போட்ட சட்டை

ஷார்ப் பழகிய இயந்திரத்தில் தில்லுமுல்லு இருக்குமோ என்று உறுப்பினர் ஒருவருக்குச் சந்தேகம். மாற்றுக்கு வைத்திருந்த இயந்திரத்தில் ஆடச் சொன்னார். அதன் பெயர் "பேங்க் ஷாட்". பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை மையமாக வைத்துச் செய்தது.

பில்லியர்ட்ஸ்தான் பின்பாலுக்குத் தாத்தா. பிரான்சில் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சிறிதாக்கி, ஆணி அடித்து, கோலால் பந்தைத் தள்ளி ஆடினார்கள். 1871-ல் ரெட்கிரேவ் என்பவர் கோலுக்குப் பதில் வில்கம்பியை வைத்துக் காப்புரிமை பெற்றார். ஆக, தாத்தாவின் சட்டையைப் பேரன் போட்டுக்கொண்ட கதை! (பில்லியர்ட்ஸின் இன்னொரு வாரிசான ஸ்னூக்கருக்கு நம் ஊட்டி கிளப்பில்தான் விதி எழுதினார்கள்.)

"பேங்க் ஷாட்" இயந்திரத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் மின்காந்தமும் கம்பியும்தான். விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் விலகிச் சேர்ந்து, ஒரு ரயிலைத் திண்டிவனம் பக்கமும் இன்னொன்றைப் புதுச்சேரி பக்கமும் அனுப்புகிறதல்லவா? அதுபோல, குண்டு பட்ட இடத்துக்கு ஏற்ப மின்சாரம் வழி மாறும். மின்காந்தம் "டக்" என்று இழுக்கும். எண் சக்கரம் ஒரு பல் நகரும்.

ஒரே ஒரு இழுப்பு

ஷார்ப் ஆடினார். உறுப்பினரின் முகம் இளகவில்லை. உடனே ஷார்ப், "இப்போது குண்டை நடு வழியில் இறக்குகிறேன்" என்று முன்கூட்டியே சொன்னார். குறி தவறினால் வழக்கே போச்சு!

குமிழை அளவாக இழுத்து விட்டார். குண்டு மேலே ஏறி, வளைந்து, சொன்ன வழியிலேயே இறங்கியது.

34 ஆண்டுத் தடை அந்த ஆண்டே நீங்கியது.

அதிர்ஷ்டமா, திறமையா என்ற கேள்வி நம் நாட்டிலும் கோர்ட்டு ஏறியது. சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. திறமையே மிகுந்த ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று அதில் கூறியது.