குறட்டையும் இரத்தச் சீனியும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, உயிர் தப்பிய குடும்பங்கள் பல மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஒன்றாகத் தங்க நேர்ந்தது. முகாமோ, பாடசாலை மண்டபமோ, லயக் காம்பராவோ, நெருக்கிப் படுக்கும் இடத்தில் ஒருவரின் குறட்டை எல்லோருக்கும் கேட்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். "உழைத்த களைப்பு, நல்லாத் தூங்கட்டும்" என்று பெரியவர்கள் விட்டுவிடுவார்கள்.

எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் பலத்த குறட்டை திடீரென நின்று, சற்று நேரம் மூச்சே கேட்காமல், பின் திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது நல்ல தூக்கமல்ல. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. நெஞ்சு இழுக்கும், காற்றுப் போகாது. 10 செக்கனுக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அது ஒரு தடை. மணிக்கு 5 தடைகள் வந்தாலே கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமையான நிலை.

இந்த நேரத்தில் இரத்தத்துக்கு என்ன நடக்கிறது? சாதாரணமாக 95 வீதத்துக்கு மேல் இருக்கும் ஒட்சிசன் அளவு, கடுமையான நோயாளருக்கு 80 வீதத்துக்கும் கீழே இறங்கலாம். காபனீரொட்சைட்டு தேங்கும். உடனே உடல், சிறுத்தையைக் கண்டவன்போல் பதறி அதிரினலினைச் சுரக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ஓடித் தப்புவதற்கென்று ஈரல் தன்னிடமுள்ள சீனியை இரத்தத்தில் விடுகிறது. கொழுப்பும் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. ஆனால் மனிதர் ஓடவில்லை, பாயில் கிடக்கிறார்! இரவுக்கிரவு இப்படி நடந்தால் இன்சுலினுக்கு உடல் சரியாகக் கீழ்ப்படியாது. மாத்திரை ஒழுங்காக எடுத்தும் காலைச் சீனி இறங்காத சிலருக்கு இதுவும் ஒரு காரணம். பிரசரும் அப்படித்தான். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புவதும் சீனி வருத்தத்தால் மட்டும் வருவதல்ல.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஆபத்து ஒரு படி கூட. மலையேறிக் கொழுந்து பறித்த கால்கள், மரக்கறித் தோட்டத்தில் மண் வெட்டிய கைகள், நிலம் போனபின் சும்மா இருக்கின்றன. கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணீரும் மாறவில்லை. கழுத்திலும் வயிற்றிலும் சதை வைக்கிறது. மெலிந்தவர்களுக்கும், தாடை சிறிதானால் இந்நோய் வரலாம். பெண்களுக்கும் வரும், மாதவிடாய் நின்றபின் கூடுதலாக.

படுக்குமுன் சாராயமோ கசிப்போ எடுத்தால் தொண்டை மேலும் தளரும். தூக்க மாத்திரையும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். நிறை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடைகள் ஏறக்குறைய கால்வாசி குறைவதாக ஆய்வு ஒன்று காட்டியது.

1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், மூக்கு வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். விலை அதிகம். மூச்சைத் திறந்துவிடும், பிரசர் சற்றுக் குறையலாம், சீனியை அதுவே இறக்கிவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே சீனிக் கிளினிக்குக்குப் போகும்போது மனைவியோ மகனோ கூடப் போங்கள். எத்தனை தடவை மூச்சு நின்றது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாரா, காலையில் தலை இடிக்கிறதா என்பதை வைத்தியரிடம் சொல்லி, தூக்கப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவார் என்று கேளுங்கள்.