பனியாறு தந்த மணற்காடு

பள்ளியிலே பல்லாண்டுகள் நிலநூல் கற்பித்தவன் நான். மண்வகைகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைவேன். முதற் கட்டத்தில் ‘வண்டல் - நல்ல மண்’ என்றும், இரண்டாவதில் ‘களி - இடைத்தரமான மண்’ என்றும், மூன்றாவதில் ‘மணல் - தாழ்ந்த மண்’ என்றும் எழுதுவேன். மாணவர்களும் அதனை மனப்பாடம் செய்து தேர்விலே எழுதி மதிப்பெண் பெறுவர். ஓய்வு பெற்று, அமைதியாகப் படிக்க நேரம் வாய்த்த பின்னரே, மூன்றாவது கட்டத்தில் நான் எழுதி வந்தது பாதி உண்மைதான் என்பது எனக்குப் புலப்பட்டது. அதை எனக்கு உணர்த்தியது வட அமெரிக்காவிலுள்ள ஒரு மணற்காட்டின் வரலாறு. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில், இரு பேரேரிகளுக்கு இடையே, மிச்சிகன் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பம் அமைந்துள்ளது. அதன் வட பகுதியில் கிரேலிங் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரைச் சுற்றிப் பல காத தூரத்துக்கு நிலம் பெரும்பாலும் மணலே. இத்தனை மணல் அங்கு வந்தது எப்படி?

பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், ஆயிரக்கணக்கான அடி கனமுள்ள பனிக்கட்டி அந்நாட்டை மூடிக் கிடந்தது. அது நகர்ந்தபோது பாறைகளைச் சுரண்டி, உடைத்து, அரைத்துத் தன்னோடு இழுத்து வந்தது. பின்னர் வெப்பம் மிகுந்து பனி உருகத் தொடங்கிற்று. அதன் விளிம்பிலிருந்து நீர் பல கிளைகளாகப் பிரிந்து, அரைபட்ட பொருள்களையெல்லாம் சுமந்துகொண்டு ஓடியது. நம் உழவர் களத்திலே காற்று வாக்கில் நெல்லைத் தூற்றும்போது நடப்பதென்ன? கனத்த மணி அருகிலே விழ, பதர் தொலைவிலே போய் விழுகிறது அல்லவா? அவ்வேலையை அங்கு நீர் செய்தது. கற்களும் சரளையும் பனியின் அருகிலேயே தங்கின. மணல் சற்றுத் தொலைவில் படிந்தது. நுண்ணிய வண்டலும் களியும் நீரோடு நெடுந்தொலைவு சென்றன. இவ்வாறு மணல் மட்டும் தனியே பிரிந்து படிந்த வெளியை ‘உருகுநீர்ச் சமவெளி’ எனலாம். மணலினுள் ஆங்காங்கே புதையுண்டு கிடந்த பெரும் பனிக்கட்டிகள் பின்னர் உருகியபோது பள்ளங்கள் தோன்றின. அவற்றுட் பல இன்று ஏரிகளாக விளங்குகின்றன.

இனி அம்மண்ணின் இயல்பைக் காண்போம். அடியில் துளையிட்ட இரு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மணலையும் மற்றொன்றில் தோட்டத்து மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றுங்கள். மணல் தொட்டியின் அடியில் நீர் உடனே ஒழுகக் காண்பீர்கள். மணற்பரல்கள் பெரியவை; அவற்றின் இடைவெளிகளும் பெரியவை. ஆதலால் நீரை ஈர்த்து நிறுத்தும் வலிமை அவற்றுக்கு இல்லை. பயிருக்குப் பயன்படும் நீராக, ஓரடி ஆழமுள்ள நல்ல தோட்டத்து மண் சுமார் 2 அங்குலம் தேக்கி வைக்கும். பருமணலோ 1 அங்குலம்கூடத் தேக்குவதில்லை. கிரேலிங் பகுதியில் ஆண்டுக்கு 30 அங்குலத்துக்கு மேல் மழையும் பனியுமாகப் பெய்கிறது. ஆயினும் மழை நின்ற சில நாட்களிலேயே செடி தாகத்தால் வாடத் தொடங்குகிறது.

நீர் மட்டுமா இறங்குகிறது? செடிக்கு உணவாகும் உப்புக்களும் அதனோடு கரைந்து இறங்குகின்றன. அவற்றைப் பிடித்து வைக்கக் களித்துகள் வேண்டும். அத்துகள் இங்கு மிகக் குறைவு. மேலும், பைன் மரத்தின் ஊசியிலைகள் மக்கும்போது உண்டாகும் அமிலம் மழைநீரோடு கலந்து மணலின் மேலடுக்கைக் கழுவுகிறது. அதனால் மேலே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கும், அதன் கீழே இரும்பும் மக்கும் சேர்ந்து துருப்பழுப்பு நிறத்தில் ஓர் அடுக்கும் அமைகின்றன. இத்தகைய மண்ணை ருஷ்ய மொழியில் ‘பாட்சால்’ என்பர். ‘அடியில் சாம்பல்’ என்பது அதன் பொருள். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கல்காஸ்கா மணல் என்பது. 1990-இல் மிச்சிகன் அரசு அதனையே தன் மாநில மண்ணாக ஏற்றுக்கொண்டது. அதனினும் வறியது கிரேலிங் மணல். அதில் இவ்வடுக்குகள்கூடத் தெளிவாக அமையவில்லை. மெல்லிய கருநிற மேற்பரப்பின் கீழ் வெறும் மஞ்சட்பழுப்பு மணலே ஆழம் வரை கிடக்கிறது.

இந்த இயல்பை அறியாமையால் நேர்ந்த துன்பத்தைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த வெள்ளைப் பைன் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. காடு போன பின் எஞ்சிய அடிக்கட்டை நிலங்கள் குடியேறிகளுக்கு விற்கப்பட்டன. ‘இவ்வளவு பெரிய மரங்களை வளர்த்த நிலம் கோதுமையை வளர்க்காதா?’ என்று அவர்கள் எண்ணினர். இயல்பான எண்ணமே, நானாயினும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். ஆனால் மரம் ஆழமாக வேரோடி நீரைத் தேடிக்கொள்கிறது. தான் உதிர்த்த இலையிலிருந்தே உணவை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. நூறாண்டுச் சேமிப்பைக் கொண்டு அது வாழ்ந்தது. மரம் வெட்டிய பின் மூண்ட பெருந்தீக்கள் அந்தச் சேமிப்பையும் எரித்துவிட்டன. முதல் ஓரிரு ஆண்டுகள் ஏதோ விளைந்தது. பின்னர் விளைச்சல் அற்றது. உலர்ந்த மணல் இரவில் விரைந்து குளிர்வதால், கோடை மாதங்களிற்கூட உறைபனி விழுந்து பயிரைக் கருக்கிற்று. உழைப்பையும் பொருளையும் இழந்த குடும்பங்கள் வரி கட்ட இயலாமல் நிலத்தை விட்டு அகன்றன. நிலம் அரசினிடம் திரும்பியது. 1903-இல் அத்தகைய நிலங்களைக் கொண்டே மிச்சிகனின் முதல் அரசுக் காடுகள் அமைக்கப்பட்டன. மண்ணின் மீது குற்றமில்லை. தகாத வேலையை அதனிடம் கேட்டதே குற்றம்.

அம்மண்ணுக்குத் தக்க வேலை எது? கிரேலிங் மணலில் ஜாக் பைன் என்னும் சிறுமரம் செழித்து வளர்கிறது. அதன் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். காட்டுத்தீயின் வெப்பத்தில் பிசின் உருகியதும் அவை விரிந்து விதைகளை உதிர்க்கும். மணல் விரைவில் உலர்வதால் தீ எளிதில் மூள்கிறது; தீயினால் புதிய காடு முளைக்கிறது. அந்த இளங்காட்டில், ஏறக்குறைய 5 முதல் 20 ஆண்டு வயதுடைய மரங்களின் தாழ்ந்த கிளைகளின் கீழ், தரையிலே கூடு கட்டுகிறது கர்ட்லாண்டு வார்ப்ளர் என்னும் சிறு குருவி. மழை பெய்தாலும் நீர் உடனே இறங்கிவிடுவதால் கூட்டில் நீர் தேங்குவதில்லை. உழவரை விரட்டிய அதே குணம் குருவிக்குக் காப்பாக அமைந்தது.

காட்டுத்தீயை மக்கள் அடக்கத் தொடங்கியதும் இளங்காடுகள் அருகின. குயிலைப் போலப் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்டு என்னும் பறவையும் பெருகியது. 1961-இல் 502 ஆக எண்ணப்பட்ட பாடும் ஆண் குருவிகள் 1971-இல் 201 ஆகக் குறைந்தன. மறு ஆண்டு முதல் கௌபேர்டுகளைப் பிடித்து அகற்றினர். ஜாக் பைன் கன்றுகளைப் பெருமளவில் நட்டனர். இவ்வின்பச் செய்தியின் நடுவே ஒரு துயரமும் உண்டு. 1980 மே மாதத்தில், குருவிக்கு இளங்காடு உண்டாக்கும் பொருட்டு மூட்டிய தீ கட்டு மீறி மேக் ஏரிப் பகுதியில் சுமார் 24,000 ஏக்கரை எரித்தது. வனத்துறைப் பணியாளர் ஒருவர் அதில் உயிரிழந்தார். உலர் மணற்காட்டில் தீ எத்துணை விரைவாக ஓடும் என்பதை அந்நாள் காட்டிற்று. எரிந்த இடத்தில் முளைத்த காட்டில் குருவிகள் பெருகின என்பதும் உண்மையே. 2019-இல் அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலிலிருந்து அக்குருவி நீக்கப்பட்டது. இன்றும் மனிதர் கன்று நட்டால்தான் அது வாழ முடியும்.

மணலுள் இறங்கிய நீர் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அது வீணாகவில்லை. ஆழத்தில் தங்கிக் குளிர்ந்து, ஊற்றாகச் சுரந்து, அவ்வழியே ஓடும் ஆசேபிள் ஆற்றை ஊட்டுகிறது. மழைக்காலத்தில் பெருவெள்ளமும் கோடையில் வறட்சியும் இல்லாமல், ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே அளவில், குளிர்ந்த தெளிநீராக அந்த ஆறு ஓடுவதற்கு மணலே காரணம். ஆற்றில் வாழும் ட்ரௌட் மீன்களுக்கு அக்குளிர்ச்சியே உயிர். ஆனால் எச்சரிக்கை ஒன்று வேண்டும். நீரைத் தடுக்காத மணல் நஞ்சையும் தடுப்பதில்லை. மேலே கொட்டிய உரமும் கழிவும் விரைவிலே நிலத்தடி நீரைச் சென்றடையும். அத்தகைய மண்ணின் மேல் வாழ்வோர், தாம் தரையில் ஊற்றுவதைத் தம் கிணற்றில் ஊற்றுவதாகவே கருத வேண்டும்.

நேயர்களே, இனி ஒரு வகுப்பு எனக்குக் கிடைக்குமாயின், கரும்பலகையின் மூன்றாவது கட்டத்தில் ‘தாழ்ந்த மண்’ என்று எழுத மாட்டேன். ‘மணல்: நீரைத் தேக்காது, கீழே அனுப்பும், கோதுமைக்கு உதவாது, பைனுக்கும் ஆற்றுக்கும் உதவும்’ என்று எழுதுவேன். மனப்பாடம் செய்யச் சற்று நீளந்தான். ஆயினும் அந்த ஒரு வரியைக் குடியேறிகளுக்கு எவரேனும் முன்னமே சொல்லியிருந்தால், பல குடும்பங்கள் தம் வாழ்நாள் உழைப்பை அம்மணலில் இழந்திருக்க மாட்டா.